சேற்றுக்கென்று ஒரு ஷூ

கூறைப்புடவையின் மேல் கால் வைத்தபோது அது கூறைப்புடவை என்று சண்முகவேலுக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம், காலுக்கடியில் ஏதோ வழவழவென்று ஓடுகிறது, தான் மல்லாக்க விழப்போகிறோம் என்பதுதான். விழாமலிருக்க இன்னொரு காலை ஓங்கி ஊன்றினான். 'சர்ர்' என்று ஒரு சத்தம் வந்தது.

ஜவுளிக்கடையில் துணி கிழிபடும் சத்தம் நாள் முழுக்கக் கேட்பதுதான். ஆனால் அது காடாத்துணியிலிருந்து வரவேண்டும். பட்டு மாடியிலிருந்து, அதுவும் மயிலாப்பூர் கல்யாணக் கோஷ்டி ஒன்று சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கும் வெள்ளை மெத்தையின் நட்டநடுவிலிருந்து வரக்கூடாது.

பனகல் பார்க் பக்கத்தில் அய்யாதுரை அண்ணாச்சியின் கடையில் அந்த வெள்ளை மெத்தைக்குச் சாமி அறைக்கு உள்ள மரியாதை. செருப்புக் கால் படக்கூடாது. அண்ணாச்சியே படிக்கட்டுக்குக் கீழே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறுவார். அப்பேர்ப்பட்ட மெத்தையின் மேல் சண்முகவேல் வேட்டிக்கு அடியில் கால்பந்து பூட்ஸோடு நின்றுகொண்டிருந்தான். அடிப்பாகத்தில் தோல் குமிழ்கள் ஆணியடித்த பூட்ஸ். குமிழுக்குக் குமிழ் அடையாற்றுச் சேறு.

கழற்றாமல் இருப்பானா? கழற்றத்தான் பார்த்தான். விடிகாலையில் ஆற்றோரச் சேற்றில் ஓடிவிட்டு, நேரமாகிவிட்டதே என்று பஸ்ஸைப் பிடித்து வந்ததில் நனைந்த வார் இறுகிப்போய், முடிச்சு பிரியவில்லை. உள்ளே கால் வேறு ஊறி, இட்லி மாவு மாதிரி பொங்கியிருந்தது. 'வேட்டியை இறக்கிக் கட்டினால் யாருக்குத் தெரியும்?' என்று நினைத்துக்கொண்டான். அவன் வாழ்க்கையில் எடுத்த முடிவுகளெல்லாம் ஏறக்குறைய இந்தத் தரத்தில்தான் இருக்கும்.

"ஏன்னா, இதென்ன நாத்தம்?" என்றாள் கல்யாணப்பெண்ணின் அம்மா, மூக்கை மூடிக்கொண்டு. "சாக்கடையத் தொறந்து விட்டாப்பல இருக்கே!"

அவள் கணவர் நாலு பக்கமும் மோந்து பார்த்தார். "எலி ஏதாவது செத்துக் கெடக்கோ என்னமோ."

பக்கத்து மெத்தையில் புடவை மடித்துக்கொண்டிருந்த ஜவஹர் கைகொடுக்க வந்தான். சிந்தாதிரிப்பேட்டையில் பிறந்தவன், பொய் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. "புதுப்பட்டு மாமி. தறிலேந்து நேரா வருது. பட்டுப்பூச்சி வாசன அப்படித்தான் இருக்கும்."

மாமி பாதி நம்பிவிட்டாள். முழுக்க நம்பியிருப்பாள், அதற்குள் சண்முகவேலின் பூட்ஸிலிருந்து ஒரு சேற்றுக் கட்டி பொத்தென்று விழுந்தது. அந்தக் கட்டி அசைந்தது. அதிலிருந்து கடுகளவு கண் இரண்டு நீட்டிக்கொண்டு ஒரு நண்டுக்குஞ்சு வெளியே வந்து, அரக்குப் பட்டின் ஜரிகைக் கரையோரமாக, விலை விசாரிக்க வந்தது போல நிதானமாக நடந்தது.

"நண்டுன்னா! நண்டு! கூறைப்புடவையில நண்டு!"

அதற்குப் பிறகு நடந்ததை விவரிக்க வேண்டியதில்லை. கோஷ்டி மொத்தமும் எழுந்து நின்று உதறிக்கொண்டது. யாரோ ஒரு சின்னப்பெண் வாந்தி எடுக்கப்போவதாக அறிவித்தாள். சத்தம் கேட்டு அண்ணாச்சி மேலே வந்தார். மெத்தையைப் பார்த்தார், கிழிந்த முந்தானையைப் பார்த்தார், சண்முகவேலின் வேட்டி விளிம்புக்குக் கீழே தெரிந்த இரண்டு கறுப்பு உருண்டைகளைப் பார்த்தார். பிறகு மாமியிடம் திரும்பி, வெண்ணெய் உருகுகிற குரலில் சொன்னார்:

"இதே கலர், இதே கரை, இதைவிட ஒரு மாத்து உசத்தி. நாளைக்குக் காலைல வரும்மா."

வராது. அது சண்முகவேலுக்கும் தெரியும், ஜவஹருக்கும் தெரியும். அந்த நிறம் காஞ்சிபுரத்திலேயே கிடையாது. ஆனால் அந்தக் கடையில் 'இல்லை' என்ற சொல்லுக்கு இடமில்லை. காலை விளக்கேற்றினதிலிருந்து கதவு சாத்துகிறவரை அதை யாரும் வாயால் சொல்லக்கூடாது. சொன்னால் லட்சுமி வாசலோடு போய்விடுவாள். கேட்ட சரக்கு இல்லாவிட்டால் 'வரும்'. விலை குறைக்க முடியாவிட்டால் 'பாக்கலாம்'. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சண்முகவேலுக்கு மடிக்கச் சொல்லிக்கொடுப்பதற்கு முன்னால் சொல்லிக்கொடுத்தது இதைத்தான். உடன்குடியிலிருந்து வந்த புதிதில் ஒரு கிழவரிடம் 'கைத்தறித் துண்டு இல்லை' என்று சொல்லி, அன்றைக்கெல்லாம் கோடவுனில் தண்டனையாக மூட்டை அடுக்கியவன். இப்போது அவனைவிட அழகாக 'வரும்மா' சொல்ல அந்த வீதியிலேயே ஆள் கிடையாது.

இவ்வளவும் தெரிந்தவன்தான், அண்ணாச்சி தன்னிடம் சொன்ன 'பாக்கலாம்லே'யை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, இருட்டோடு எழுந்து சேற்றில் ஓடிக்கொண்டிருந்தான்.

விஷயம் இதுதான். அண்ணாச்சி அடையாற்றில் கிளை திறக்கப்போகிறார். கிளைக்குப் பொறுப்பாக ஓர் ஆள் வேண்டும். கடைக்குப் பின்னால் ஓர் அறை, அடுப்படி, கொல்லையில் கிணறு; பொறுப்பாளர் குடும்பத்தோடு இருந்துகொள்ளலாம். சண்முகவேலின் மனைவி தங்கம் உடன்குடியில் இருந்தாள். மகள் நடக்க ஆரம்பித்து, பேச ஆரம்பித்து, அப்பா என்றால் தீபாவளி முடிந்து வருகிற ஒரு மாமா என்று நினைக்கவும் ஆரம்பித்துவிட்டாள். இவனோ கடை மச்சில் மற்ற சிப்பந்திகளோடு வரிசையாகப் படுத்து, ஜவஹரின் முழங்கையை விலாவில் வாங்கிக்கொண்டிருந்தான். ஊருக்குப் போகும்போதெல்லாம் தங்கம் கேட்பாள், "எப்ப எங்களக் கூட்டிட்டுப் போவிய?" இவனும் பழக்க தோஷத்தில் சொல்வான், "பாக்கலாம்ட்டீ. நேரம் வரும்."

அந்த வருஷம் வியாபாரிகள் சங்கம் ஆண்டுவிழாவுக்கு ஓட்டப்பந்தயம் வைத்தது. செயலாளர் பட்டாளத்தில் இருந்தவர். ரோட்டில் ஓட போலீஸ் அனுமதி கிடைக்கவில்லை என்றதும், "அதுவும் நல்லதுக்குத்தான், கிராஸ் கன்ட்ரி வெச்சிடுவோம்" என்றார். அதாவது, பட்டினப்பாக்கம் மணலில் தொடங்கி, ஆற்று முகத்துவாரத்துச் சேற்றோரமாக மேற்கே போய், முள்காட்டைச் சுற்றி, வந்த வழியே திரும்ப வேண்டும். போன வருஷம் கயிறிழுத்தலில் எதிர்க்கடைக்காரனிடம் தோற்ற எரிச்சல் அண்ணாச்சிக்கு இன்னும் ஆறவில்லை. அவர் மாடிக்கு வந்து பொதுவாகச் சொன்னார்: "கோப்பைய எவன் கொண்டாரானோ அவனுக்கு நல்லது நடக்கும்."

சண்முகவேல் அன்று சாயங்காலமே போய் நின்றான். "அண்ணாச்சி, நான் ஓடுதேன். அடையாறு கடை…"

"ஓடுலே மொதல்ல. பாக்கலாம்."

அவ்வளவுதான். அவன் மனசுக்குள் அடையாற்றுக் கிணற்றில் தங்கம் தண்ணீர் இறைக்க ஆரம்பித்துவிட்டாள்.

வெறுங்காலோடு ஓடிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தான். முதல் நாளே ஆறு அவனுக்குப் புத்தி சொல்லியது. அந்தச் சேற்றுக்குள் என்ன இல்லை? சிப்பி ஓடு பிளேடு மாதிரி நின்றது. உடைந்த சோடாப் புட்டி, கருவேல முள், ஊர்வலம் முடிந்து ஆற்றோடு வந்த பிள்ளையாரின் இரும்புக் கம்பி. இதெல்லாம் கெட்டியான சமாச்சாரம். கெட்டியில்லாத சமாச்சாரங்களைப் பற்றிப் பேசாமலிருப்பது நல்லது. ஊரே வயிற்றைக் கழுவி அந்த ஆற்றில்தான் விடுகிறது. கறுப்பாக, கொழகொழவென்று, அழுகிய முட்டை வாசனையோடு, கால் வைத்தால் 'ப்ளக்' என்று கொப்புளம் விட்டு மூச்சுவிடுகிற சேறு. உயிருள்ள ஒன்றின் வாய்க்குள் கால் விட்டது மாதிரி இருந்தது. கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு மீன்காரம்மா கத்தினாள், "இன்னா நைனா, காலங்காத்தால நாயி எதுனா தொரத்திக்கினு வருதா?"

"பந்தயம்மா!"

"யாரு பெத்த புள்ளயோ," என்றாள் அவள், பக்கத்திலிருந்தவளிடம். "நல்லா இருந்துது, பாவம்."

ஆகவே ஷூ வேண்டும். மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் அப்துல் கஃபார் பாயின் செருப்புக்கடைக்குப் போனான்.

"சேத்துல ஓடறதுக்கு ஒரு ஷூ வேணும் பாய். வழுக்கக்கூடாது, கழண்டுக்கக்கூடாது, தண்ணி நிக்கக்கூடாது."

"கீதே!" என்றார் கஃபார் பாய், அவன் சொல்லி முடிப்பதற்குள். "சேத்துக்குன்னே ஒண்ணு வருது சார். கான்பூர் மால். அடுத்த வாரம் வந்துரும். அதுவரிக்கும் இத்த போட்டுப் பாருங்கோ." வெள்ளைக் கான்வாஸ் ஷூவை மாட்டி, கட்டைவிரலால் முனையை அழுத்தி, கொஞ்சம் தள்ளி நின்று கண்ணைச் சுருக்கி ரசித்தார். "ஆஹா. உங்க காலுக்குன்னே தெச்சாப்ல கீது."

சண்முகவேலுக்குச் சிரிப்பு வந்தது. தினமும் அவன் ஐம்பது மாமிகளிடம் சொல்கிற வசனம். தள்ளி நின்று கண்ணைச் சுருக்குவதுகூட அவனுடைய உத்திதான். "பாய், நானும் கடைக்காரன். நேரா சொல்லுங்க. இது சேறு தாங்குமா, தாங்காதா?"

"போடப்போடப் பழகிடும் சார்."

"ஷூவா? காலா?"

"ரெண்டும்."

வாங்கிக்கொண்டான். வித்தை முழுக்கத் தெரிந்தவன்தான் அதில் சுலபமாக விழுகிறான் என்பதற்கு அவனைவிட நல்ல சாட்சி கிடையாது.

கான்வாஸ் ஷூ சேற்றில் இறங்கியதும் ஒரு பாத்திரமாக மாறியது. மேலே ஊற்றியது, உள்ளே நின்றது. ஒவ்வோர் எட்டுக்கும் விரல்களுக்கு நடுவே ஏதோ ஒன்று பிதுங்கிப் பிதுங்கி வந்தது. அடிப்பாகம் வேறு சோப்புக்கட்டி மாதிரி வழவழவென்று இருந்ததால், முகம் குப்புற விழுந்து அந்தச் சேற்றின் ருசியையும் தெரிந்துகொண்டான். மறுநாள் கஃபார் பாய் முகம் வாடாமல் கால்பந்து பூட்ஸை எடுத்துப் போட்டார். "இது கடிச்சிக்கும் சார் பூமிய." கடித்தது உண்மைதான். கடித்ததை விடவில்லை. குமிழ்களுக்கு நடுவே சேறு அப்பி அப்பி, கொஞ்ச தூரத்திலேயே ஒவ்வொரு காலிலும் ஓர் ஆட்டுக்கல்லைக் கட்டிக்கொண்டு ஓடுகிற மாதிரி ஆகிவிட்டது. அந்த ஆட்டுக்கல்லோடுதான் அவன் வெள்ளை மெத்தை மேல் ஏறியது.

கல்யாணக் கோஷ்டி போன பிறகு, அண்ணாச்சி திட்டுவார் என்று எதிர்பார்த்து நின்றான். அவர் திட்டவில்லை. "போய்க் கால் கழுவுலே," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "பந்தயம் ஞாயித்துக்கிழமைதானே? நல்லா ஓடு," என்றார். இது திட்டைவிட இனிப்பாக இருந்தது. இவ்வளவு பெரிய நஷ்டத்தை முழுங்குகிறார் என்றால், தன்னைக் கிளைப் பொறுப்பாளனாகவே பார்க்க ஆரம்பித்துவிட்டார் என்றுதானே அர்த்தம்? கொல்லையில் உட்கார்ந்து அரிவாள்மனையால் வாரை அறுத்துக்கொண்டே ஜவஹரிடம் சொன்னான்.

ஜவஹர் மூக்கைப் பிடித்துக்கொண்டு எட்ட நின்றான். பூட்ஸ் கழன்றபோது வந்த வாசனைக்கு அவன் இன்னும் இரண்டடி பின்வாங்கினான். "மச்சி, கால அப்படியே கழட்டி வெச்சிட்டு வேற கால் வாங்கிக்கோ."

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு. அடையாறு எனக்குத்தானே?"

"உனக்கு இல்லாம எவனுக்கு?" என்ற ஜவஹர், அதைக் கொல்லைச் சுவரைப் பார்த்துச் சொன்னான்.

அன்று மதியம் அண்ணாச்சியின் மனைவி தங்கபுஷ்பம் மாடி வீட்டிலிருந்து கூப்பிட்டனுப்பினாள். கடைக்கு மேல்தளத்தில்தான் வீடு. சிப்பந்திகளுக்கெல்லாம் அவள் மதினி. சமையலறை வாசலில் இலை போட்டு உட்காரவைத்து, தோசையை வார்த்துப் போட்டாள்.

"கையக் கழுவினியாலே?"

"மூணு தடவ கழுவிட்டேன் மதினி. வாசனை போகமாட்டேங்கு."

"என்னத்துக்கு இந்தச் சாக்கடையில போயி விழுந்து எந்திரிக்க? புத்தி கெட்டுப்போச்சா?"

"அடையாறு கடைக்குத்தான் மதினி. பின்னால வீடு இருக்குல்லா? தங்கத்தையும் பிள்ளையையும் கூட்டியாந்துரலாம்னு." சொல்லும்போதே அவனுக்கு முகம் மலர்ந்தது. "அண்ணாச்சி பாக்கலாம்னு சொல்லிருக்காக."

தங்கபுஷ்பத்தின் கையில் தோசைத்திருப்பி அப்படியே நின்றது. தோசை கருகுகிற வாசனை வந்தது. அவள் அவனை ஒரு தடவை பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள்.

"மதினி, உங்களுக்குத் தெரியும்லா? எனக்குத்தானே குடுப்பாக?"

"சாப்பிடு மொதல்ல," என்றாள் அவள். கருகியதைத் தூர எறிந்துவிட்டு, நெய் விட்டு ஒரு முறுகல் தோசை போட்டாள். பிறகு கேட்காமலே இன்னொன்று. சண்முகவேல் அதையும் நல்ல சகுனமாகக் கணக்கு வைத்துக்கொண்டான்.

சாயங்காலம் மூன்றாவது தடவையாகக் கஃபார் பாய் கடை. பாயின் மனைவி அஃப்சருன்னிசா உள்ளே திரைக்குப் பின்னால் உட்கார்ந்து செருப்புக்கு மேல்தோல் தைத்துக்கொண்டிருந்தாள். அவள் குரல் மட்டும் வந்தது. "ஏங்க, அந்தச் சேத்துக்காரர் வந்துட்டாரு. வாசல்லயே நிக்கச் சொல்லுங்க, கடை பூரா நாறுது."

"கான்பூர் மால் வந்துச்சா பாய்?"

"வந்துக்கினே கீது சார்." பாய் மேஜைக்கடியிலிருந்து ஒரு ஜோடி பட்டாளத்துப் பூட்ஸை எடுத்தார். யாரோ போட்டுத் தேய்த்தது. "ராணுவ மால். சண்டைலயே ஓடினது, சேத்துல ஓடாதா?"

சண்முகவேல் காலை நுழைத்தான். உள்ளே மெத்தென்று ஏதோ இருந்தது. கையை விட்டு எடுத்தால், முன்னே போட்டவரின் காலுறை. உறை மட்டும் இல்லை. அது மடங்கி, இறுகி, பச்சை பூத்து, உள்ளே ஒரு பல்லியின் குடும்பமே காய்ந்து கிடந்தது. அவன் அதை வீசியெறிந்தபோது அது பாயின் கல்லாப்பெட்டி மேல் விழுந்தது.

"சீ! த்தூ! இதையா பாய் கால்ல மாட்டச் சொல்றீங்க?"

"அது ஃப்ரீ சார்," என்றார் பாய். திரைக்குப் பின்னால் அஃப்சருன்னிசா சிரித்து, ஊசியைக் கையில் குத்திக்கொண்டு "அய்யோ" என்றாள்.

அன்று அவன் எதுவும் வாங்கவில்லை. தெரு, பஸ், மனிதர்கள், தன் கால், எல்லாமே குமட்டியது. கடைக்குத் திரும்பி, மூலையில் கிடந்த பழைய கான்வாஸ் ஷூவை எடுத்தான். காய்ந்து, விறைத்து, ஒரு பக்கம் அடிப்பாகம் வாய் பிளந்து அவனைப் பார்த்துச் சிரித்தது. வந்த எரிச்சலில் துணி வெட்டும் கத்தரிக்கோலை எடுத்து அதன் விலாவில் ஒரு குத்துக் குத்தினான். ஆறவில்லை. இன்னொரு குத்து. இரண்டு பக்கமும், விரல் பக்கமும் குத்திக் குத்தி ஓட்டையாக்கினான். வாய் பிளந்த அடிப்பாகத்தைப் துணிமூட்டை கட்டி வந்த தேங்காய்நார்க் கயிற்றால் சுற்றி, கணுக்காலோடு சேர்த்து இறுக்கிக் கட்டினான். கோபத்தில் தேவைக்கு மேலேயே சுற்றிவிட்டான்.

மறுநாள் காலையில் அந்தக் கண்றாவியோடு சேற்றில் இறங்கினான். உள்ளே போன தண்ணீர் ஓட்டை வழியே வெளியே போனது. நார்க்கயிறு சேற்றைச் சொரசொரவென்று பற்றியது. பற்றினதை உதறினால் விட்டது. கொஞ்ச தூரம் ஓடிய பிறகுதான் தான் விழவில்லை என்பதே அவனுக்குத் தெரிந்தது. நம்பிக்கையில்லாமல் நின்று காலைத் தூக்கிப் பார்த்தான். பார்க்கச் சகிக்கவில்லை. பொணத்துக்குக் கட்டுப்போட்ட மாதிரி இருந்தது. ஆனால் ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை பட்டினப்பாக்கம் மணலில் சங்கத்துப் பந்தல். அண்ணாச்சியின் அம்பாசடர் ஓரமாக நின்றது. பின்சீட்டில் தங்கபுஷ்பம் மதினி முந்தானையால் மூக்கைப் பொத்தி உட்கார்ந்திருந்தாள். நகைக்கடைக்காரர் ஒருவரின் தம்பி, சிங்கப்பூரிலிருந்து வந்த நீல ஷூவில் பளபளவென்று நின்றான். எதிர்க்கடை ஆள் கால்பந்து பூட்ஸ். அதைப் பார்த்ததும் சண்முகவேலுக்குப் பழைய சிநேகிதனைக் கண்டது போலிருந்தது. பாத்திரக்கடை ஆள் வெறுங்கால். எல்லோரும் சண்முகவேலின் காலைப் பார்த்தார்கள்.

"இன்னாண்ணே இது, காயமா?"

"ஷூ."

"ஓ," என்றான் பாத்திரக்கடைக்காரன். மேற்கொண்டு கேட்பது அநாகரிகம் என்று நினைத்திருக்க வேண்டும்.

விசில் ஊதினார் செயலாளர். மணலில் எல்லோரும் அவனை முந்திப் போனார்கள். சேறு தொடங்கியதும் கதை மாறியது. முதல் நாள் மழை வேறு பெய்து, ஆறு தன்னிடமிருந்த அழுக்கையெல்லாம் மேலே கொண்டுவந்து பரப்பியிருந்தது. பாத்திரக்கடைக்காரன் சிப்பியில் கால் கிழிந்து, ஒற்றைக்காலில் நின்று சங்கத்தையும் செயலாளரின் பரம்பரையையும் திட்டினான். எதிர்க்கடை ஆளுக்கு ஆட்டுக்கல் வளர ஆரம்பித்துவிட்டது. சிங்கப்பூர் ஷூக்காரன் முழங்கால்வரை புதைந்து, இரண்டு கையையும் நீட்டினான்.

"அண்ணே, ஒரு கை குடுண்ணே!"

விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. பிடித்து இழுத்தான். 'ப்ளக்' என்று ஆள் வந்தான், ஷூ வரவில்லை. "ஐயோ, அண்ணன் கொல்லுவாண்ணே!" என்று அவன் மறுபடியும் குனிந்து, தோள்வரை கையை விட்டுத் துழாவினான். எதிரே பார்த்தால் இன்னும் நாலு பேர் அதே கோலத்தில், நாற்று நடுகிற மாதிரி, குனிந்து ஷூ தேடிக்கொண்டிருந்தார்கள். சண்முகவேல் அவர்களைச் சுற்றிக்கொண்டு ஓடினான். வாயில் சேறு, காதில் சேறு, எதையோ மிதித்தான், அது வீங்கின ஒரு பெருச்சாளி. முள்காட்டைச் சுற்றித் திரும்பும்போது ஒரு புதர் ஓரமாக நின்று வாந்தி எடுத்தான். எடுத்துவிட்டு ஓடினான். முதலாவதாக வந்தான் என்று சொல்வதைவிட, அவன் மட்டும்தான் இரண்டு காலிலும் ஏதோ ஒன்றோடு வந்து சேர்ந்தான் என்று சொல்லலாம்.

கோப்பையை வாங்கி அண்ணாச்சி கையில் கொடுத்தபோது, அவர் கைக்குட்டையைப் போட்டு அதைப் பிடித்துக்கொண்டார். முகமெல்லாம் பல். எதிர்க்கடை முதலாளி பார்க்கிற மாதிரி அதைத் தூக்கிப் பிடித்தார். "கடை பேரு நின்னுட்டுல்லா! சம்முவம், ஆம்பளைலே நீ!"

"அண்ணாச்சி," என்றான் சண்முகவேல். மூச்சு இன்னும் வாங்கியது. "அடையாறு கடை…"

"பாக்கலாம், பாக்கலாம். கழுவு மொதல்ல."

"எனக்குத்தானே அண்ணாச்சி?"

"எல்லாம் நல்லபடியா வரும்லே," என்றார் அண்ணாச்சி, வெண்ணெய் உருகுகிற குரலில்.

சண்முகவேல் மூக்கைச் சுளித்தான். இந்தத் தடவை சேற்றால் இல்லை. அந்தக் குரல். தினமும் தன் வாயிலிருந்து வருகிற அதே குரல். தங்கத்திடம் 'நேரம் வரும்' என்று சொல்லும்போது தன் முகமும் இப்படித்தான் இருக்குமோ? தலையை ஒரு பக்கம் சாய்த்து, கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு? சீ. அவன் தன் மேல் வழிகிற கறுப்பைப் பார்த்தான். இது கழுவினால் போய்விடும்.

"வரும், பாக்கலாம் வேண்டாம் அண்ணாச்சி. ஆமாவா, இல்லையா? ஒண்ணு சொல்லுங்க."

ஜவஹர் கடலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். அண்ணாச்சி கோப்பையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தார். "இதென்னலே, நாலு பேரு முன்னால… கடைக்கு வா, பேசிக்கிடலாம்."

"ஏ சம்முவம்!" காருக்குள்ளிருந்து தங்கபுஷ்பத்தின் குரல். "இங்க வா."

"நாறுதேன் மதினி. கிட்ட வரப்பிடாது."

"நாறினா நாறட்டும். வா."

"நீ சும்மா இரு புஷ்பம்," என்றார் அண்ணாச்சி.

அவள் மூக்கிலிருந்து முந்தானையை எடுத்தாள். கார்க் கதவைத் திறந்து, காலைக் கீழே ஊன்றி, அவன் முகத்துக்கு நேராகப் பார்த்தாள்.

"அன்னைக்கே சொல்லியிருக்கணும். தோசையப் போட்டு வாய அடைச்சேன். தப்பு என் பேர்லதான். கேட்டுக்கோ. அடையாறு கடை உனக்கு இல்ல. கோயில்பட்டி மாப்பிள்ளைக்கு. ஆவணியிலயே பேசி முடிச்சாச்சு. அந்தப் பின்வீட்டுல எம்மவ பாத்திரம் பண்டம் வந்து எறங்கியாச்சு. நீ பறந்துட்டு வந்தாலும் உனக்குக் கெடையாது. தங்கத்தையும் பிள்ளையையும் கூட்டியாரணும்னா இவுக வாயப் பாத்துட்டு நிக்காத, வேற எடம் பாத்துக்கோ. இங்கன இருந்தா தல நரைச்சாலும் அந்த மச்சுலதான் படுத்துருப்ப. வெளங்குதா? இல்ல. உனக்கு இல்லலே."